எழுத்து, கோடு, அம்புக்குறி: வேதியியல் குறியீட்டுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?

பாலக்கோடு பக்கம் தக்காளியும் மாவும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது: "மகள் பதினொன்றாம் வகுப்பு. சமன்பாடெல்லாம் தப்பில்லாமல் போடுகிறாள். ஆனால் எச்₂ஓ என்பது தண்ணீரின் பெயரா, படமா, கணக்கா என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வந்த ரிப்போர்ட்டிலும் இதே மாதிரி எழுத்துகள். இந்த எழுத்துகளுக்கெல்லாம் எப்படி அர்த்தம் வருகிறது?"

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன் ஐயா, இது பாடத்தின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. பெயரா, படமா, கணக்கா என்று கேட்டீர்கள். மூன்றும்தான். எந்த இடத்தில் எதுவாகப் படிக்க வேண்டும் என்பதை வேதியியல் படித்தவர்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஒரே வரியில் மூன்று முறை இடம் மாறிவிட்டு, கேட்பவரும் கூடவே மாறியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

எச்₂ஓ-வையே எடுத்துக்கொள்வோம். எச் என்றால் ஹைட்ரஜன், ஓ என்றால் ஆக்சிஜன். "எச்₂ஓ 100 டிகிரியில் கொதிக்கும்" என்று ஆசிரியர் சொல்லும்போது அது குடத்தில் இருக்கும் தண்ணீர். "எச்₂ஓ வளைந்த வடிவம் உடையது, கோணம் சுமார் 104.5 டிகிரி" என்னும்போது அது கண்ணுக்கே தெரியாத ஒற்றை மூலக்கூறு. "ஒரு மோல் எச்₂ஓ 18 கிராம்" என்றால் அது தராசுக் கணக்கு. (டஜன் மாதிரி, மோல் என்பது துகள்களை எண்ணுவதற்கு வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை.) ஒற்றை மூலக்கூறு கொதிக்காது, அதற்கு ஈரமும் கிடையாது. கொதிப்பதும் நனைப்பதும் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து செய்கிற வேலை. குடத்துத் தண்ணீருக்குக் கோணம் கிடையாது. எழுத்து ஒன்று, அது பேசும் உலகம் மூன்று. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன், 1991-இல் எழுதிய கட்டுரையில் இதை ஒரு முக்கோணமாகவே வரைந்து காட்டினார். ஒரு மூலையில் கையால் தொடும் பொருள், இன்னொன்றில் துகள்கள், மூன்றாவதில் குறியீடு. பழகியவர் முக்கோணத்துக்குள் இஷ்டப்படி நடமாடுவார். புதிதாகப் படிக்க வருகிறவரை ஒரே நேரத்தில் மூன்று மூலைக்கும் இழுத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

உங்கள் மகளுக்கு இது எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. என்₂ + 3எச்₂ → 2என்எச்₃ என்ற அம்மோனியா சமன்பாட்டை எழுதச் சொல்லுங்கள் (என் என்பது நைட்ரஜன்). அப்புறம் அதையே எழுத்தில்லாமல் வட்டங்களாக வரையச் சொல்லுங்கள். சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற பிள்ளைகள்கூட 3எச்₂ வரும் இடத்தில் ஆறு வட்டங்களை ஒரே சங்கிலியாகக் கோத்துவிடுவதை வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கும் 2, பிணைந்திருப்பதைச் சொல்கிறது. முன்னால் இருக்கும் 3, அப்படிப்பட்ட சோடிகள் தனித்தனியாக எத்தனை என்று சொல்கிறது. இரண்டையும் பெருக்கி ஆறு என்று எழுதினால் சமன்பாடு சரியாகிவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆறு எப்படி இருக்கிறது என்ற செய்தி மட்டும் தொலைந்துபோயிருக்கும். மதிப்பெண் வந்துவிடுவதாலேயே இந்த ஓட்டை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்த சிக்கல், ஒரே பாணியில் எழுதிய இரண்டு வாய்ப்பாடுகள் (எச்₂ஓ மாதிரி எழுத்தும் எண்ணும் சேர்ந்த கோவைகள்) ஒரே மாதிரிப் பொருள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. சிஓ₂, எஸ்ஐஓ₂ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அச்சு அசல் ஒரே ஜாடை. முதலாவது சோடா பாட்டிலில் பொங்கும் வாயு. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட தனித்தனி மூலக்கூறு. இரண்டாவது, கிருஷ்ணகிரி குவாரியில் அறுக்கும் கிரானைட்டில் கண்ணாடி போலப் பளபளக்கிறதே, அந்தக் குவார்ட்ஸ். அதற்குள் 'எஸ்ஐஓ₂' என்று ஒரு மூலக்கூறைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானோடும் பிணைந்து அந்தத் துண்டு முழுக்க ஒரே பின்னலாகப் போகிறது. வாய்ப்பாடு சொல்வது விகிதத்தை மட்டும்: ஒன்றுக்கு இரண்டு. சமையல் உப்பும் அப்படித்தான். ஒரு சோடியம் அயனிக்கு (அயனி என்பது மின்சுமை ஏறிய அணு) ஒரு குளோரைடு அயனி என்ற விகிதம் உண்டு, உப்பு மூலக்கூறு என்று ஒன்று அந்தப் படிகத்தில் இல்லை.

நிலத்துக்குச் சர்வேயர் தரும் புலப்படம் உங்களிடம் இருக்கும். அதில் மண்ணின் நிறம் இல்லை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது இல்லை. எல்லையும் அளவும் இருக்கிறது, அதை வைத்துக் கல் நடலாம். வாய்ப்பாடும் இந்த ரகம்தான். எதைச் சொல்ல வரைந்தார்களோ அதை மட்டும் கேட்க வேண்டும்.

இந்தக் குறிகள் முதலிலிருந்தே இப்படித் தெளிவாக இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து வேதியியலாளர் ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் அணுக்களை வட்டங்களாக வரைந்தார். ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம், கார்பனுக்குக் கருப்பு வட்டம். தண்ணீர் என்றால் ஒரு புள்ளி வட்டமும் ஒரு வெறும் வட்டமும் ஒட்டியது. ஆம், ஒரே ஒரு ஹைட்ரஜன்தான். சில ஆண்டுகள் கழித்து, 1813 வாக்கில், சுவீடனைச் சேர்ந்த பெர்சிலியஸ் வட்டங்களைத் தூக்கிவிட்டு எழுத்துகளைக் கொண்டுவந்தார். அச்சுக்கோப்பவருக்கு எழுத்துதான் வசதி என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அவருடைய எழுத்து அந்தத் தனிமத்தின் குறிப்பிட்ட அளவையும் சேர்த்தே குறித்தது. அதாவது கணக்கு போடுவதற்கென்றே பிறந்த எழுத்து. டால்டனுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. அவர் அணுக்களைப் பார்ப்பது போல வரைந்தவர், எழுத்தில் அந்தப் பார்வை போய்விட்டது என்பது அவர் மனக்குறை. என்னைக் கேட்டால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கணக்குக்கு எழுத்து, காட்சிக்கு வட்டம். பள்ளியில் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வட்டத்தை விட்டதன் பலனைத்தான் அம்மோனியா சமன்பாட்டில் பார்த்தோம்.

எழுத்து வந்தும் குழப்பம் தீரவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் கெகுலே 1861-இல் எழுதிய பாடநூலில், காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்ப்பாடுகளைப் பட்டியலிட்டார். புட்டியில் இருந்தது ஒரே அமிலம். அணு நிறை எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்ததால் எழுத்தும் ஆளுக்கொன்று. ஊர்கூடி ஒத்துக்கொண்டால்தான் குறியீட்டுக்கு உயிர். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்கள் கூடிப் பேசியதும், அங்கே இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ முன்வைத்த வாதம் மெல்ல மெல்ல எல்லோரையும் ஒரே அணு நிறைக்குக் கொண்டுவந்ததும் அதனால்தான் முக்கியம்.

இதைவிட என்னை வியக்க வைப்பது பிணைப்பைக் காட்டும் கோடு. 1858-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் கூப்பர் அணுக்களுக்கு நடுவே கோடு போட்டார். இதுவும் அதுவும் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அன்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எலக்ட்ரானையே 1897-இல்தான் கண்டுபிடித்தார்கள். 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் வந்து, ஒரு கோடு என்றால் இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு சோடி எலக்ட்ரான் என்று சொன்னார். கிட்டத்தட்ட அறுபது வருடம் அந்தக் கோடு தன் பொருளுக்காகக் காத்திருந்தது. இடையில் சும்மாவும் இருக்கவில்லை. கார்பனுக்கு நான்கு கோடு என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, எந்தச் சேர்மம் இருக்க முடியும், எது முடியாது என்று வேதியியலாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள், போய்த் தயாரித்தும் காட்டினார்கள். தெரிந்ததைப் பதிவு செய்வது குறியீட்டின் பாதி வேலைதான். தெரியாததை நோக்கி நகர்த்துவது மீதிப் பாதி.

மாந்தோப்பு வைத்திருப்பவர் என்பதால் இந்தக் கோட்டை உங்கள் ஊர்ச் சரக்கிலேயே காட்டிவிடலாம். கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலின்: சி₂எச்₂. மாங்காய் தானாகப் பழுக்கும்போது அதுவே உண்டாக்கிக்கொள்வது எத்திலின்: சி₂எச்₄. இரண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். கோடு போட்டு எழுதினால் எத்திலினில் இரண்டு கார்பனுக்கும் நடுவே இரட்டைக் கோடு, அசிட்டிலினில் மூன்று கோடு. இரண்டும் சின்ன மூலக்கூறுகள், இரண்டிலும் கார்பன்களுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்பு. அதனால்தான் அசிட்டிலின் எத்திலினைப் போல நடித்துக் காயைப் பழுக்க வைக்க முடிகிறது, ஆனால் அரைகுறையாக. கோடுகள் இவ்வளவையும் சொல்லிவிடும். ஆனால் சந்தையில் கிடைக்கும் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்படம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை வாய்ப்பாடு சொல்லாது. வாய்ப்பாடு சுத்தமான பொருளைப் பற்றியது, மூட்டைக்குள் இருப்பதைப் பற்றியது அல்ல. உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடு வாயுவில் பழுக்க வைத்த பழத்தை விற்கத் தடை விதித்துவிட்டு, எத்திலின் வாயுவை மட்டும் அளவோடு அனுமதிப்பது இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான்.

குறி என்றால் என்ன என்று பொதுவாகவே யோசித்த ஒருவர் வேதியியல் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1863-இல் ஹார்வர்டில் வேதியியலில் பட்டம் பெற்றவர். சில குறிகள் ஒத்த சாயலால் பேசுகின்றன, சில ஒன்றின் விளைவாக வந்து அதைக் காட்டிக்கொடுக்கின்றன, சில வெறும் வழக்கத்தால் நிலைக்கின்றன என்று அவர் பிரித்தார். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பந்து-குச்சி மாதிரி சாயலால் பேசுகிறது. அதிலும் ஆக்சிஜன் பந்து சிவப்பு, கார்பன் கருப்பு என்பது வெறும் வழக்கம். ஆக்சிஜன் சிவப்பாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1865-இல் லண்டனில் வேதியியலாளர் ஹோஃப்மன் ஒரு சொற்பொழிவுக்காக குரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு நிறம் பூசிக் கொண்டுவந்த காலத்திலிருந்து அந்த நிறங்கள் அப்படியே தொடர்கின்றன.

இரண்டாவது ரகத்துக்கு நம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. குழந்தைகளின் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் இருந்தால், அந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று நம்மவர்கள் உடனே கேட்பார்கள். பல் முளைக்கும் முன்பே, அது உருவாகும் வயதில், அதிகப்படியான ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துவிட்டுப் போன தடம் அது. யாரும் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிய குறி அல்ல. ஆனாலும் தடத்தை மட்டும் நம்பிவிட முடியாது. கறைக்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனையில் சிர்கோனியத்தோடு சேர்ந்த ஒரு சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் விடுவார்கள். ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், சிவப்பு வெளிறும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு ஃபுளோரைடு. அந்த வெளிறலைக் கருவி எண்ணாக்கும், எண் உங்கள் ரிப்போர்ட்டில் 'எஃப்' என்ற எழுத்தின் பக்கத்தில் வந்து உட்காரும். தடமாக இருந்தது கடைசியில் வழக்கமான எழுத்தாகிவிடுகிறது.

அந்த 'எஃப்' தனிம அட்டவணையிலும் உண்டு. ஆனால் ஃபுளூரின் என்ற தனிமம் வெளிர்மஞ்சள் வாயு, கிட்டத்தட்ட எதைத் தொட்டாலும் வினைபுரியும். 1886-இல் பிரெஞ்சு வேதியியலாளர் முவசான் அதைப் பிரித்தெடுக்கும் முன் பலர் அந்த முயற்சியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். உங்கள் போர் தண்ணீரில் இருப்பது அந்த வாயு அல்ல, ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்று அமைதியான ஃபுளோரைடு அயனி. எழுத்தின் தலையில் இடும் சின்னக் கழித்தல் கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது. ரிப்போர்ட்டில் அந்தக் கோட்டைப் பெரும்பாலும் போட மாட்டார்கள், படிக்கிறவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். இந்தியத் தரப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். 2013-இல் தொடங்கிவைத்த அந்தத் திட்டமே இரண்டு மாவட்டத்தின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் வந்தது.

ரிப்போர்ட்டில் எல்லோரையும் ஏமாற்றும் வரி இன்னொன்று: 'மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக.' 500 என்று இருந்தால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கரைந்திருக்கிறது என்றே படிப்போம். சுத்தமான தண்ணீரில் கால்சியம் கார்பனேட் 20 மில்லிகிராம்கூடக் கரையாது. உண்மையில் கரைந்திருப்பவை கால்சியம், மக்னீசியம் அயனிகள். இரண்டையும் தனித்தனியே சொல்லாமல் ஒரே எண்ணாகச் சொல்வதற்கு ஒரு பொது நாணயம் வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் கிராம் எடை, 100, பெருக்கவும் வகுக்கவும் சுலபம், அதனால் அதை வைத்துக்கொண்டார்கள். 40 மில்லிகிராம் கால்சியமும் 100, சுமார் 24 மில்லிகிராம் மக்னீசியமும் 100. அந்த வரியில் 'ஆக' என்ற ஈற்றுக்குத்தான் முழு கனமும். 'இருக்கிறது' என்று அது சொல்லவில்லை, 'இப்படி வைத்துக் கணக்கிட்டோம்' என்கிறது.

நைட்ரேட் வரியில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், நைட்ரேட்டாக. அமெரிக்காவில் 10, ஆனால் அது நைட்ரஜனாக. 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது சுமார் 44 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். எதாகக் கணக்கிட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் நல்ல தண்ணீர் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும்.

இதே சங்கதி உங்கள் வீட்டு உர மூட்டையிலும் இருக்கிறது, மகளோடு உட்கார்ந்து பாருங்கள். 17:17:17 என்றால் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் 17 சதவீதம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நைட்ரஜன் மட்டும்தான் நைட்ரஜனாகவே 17. நடுவில் இருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடாக, கடைசியில் இருப்பது பொட்டாசியம் ஆக்சைடாக. இந்த இரண்டு ஆக்சைடும் மூட்டைக்குள் கிடையாது. பழைய பகுப்பாய்வுக் காலத்து எழுத்துமுறை, வியாபாரத்தில் ஊறி நின்றுவிட்டது. தனிமமாக மாற்றினால் பாஸ்பரஸ் சுமார் 7.4 சதவீதம், பொட்டாசியம் சுமார் 14 சதவீதம். ஒரே மூட்டையில் அடுத்தடுத்து அச்சிட்ட மூன்று எண்களில் இரண்டு விதமான மரபு! போதாததற்கு, பாஸ்பரஸ் பென்டாக்சைடை பி₂ஓ₅ என்று எழுதினாலும் அதன் மூலக்கூறு உண்மையில் பி₄ஓ₁₀. யூரியா மூட்டையில் இந்த வம்பு இல்லை. அதன் மோலார் நிறை 60, அதில் நைட்ரஜன் 28. வகுத்தால் 46-க்குக் கொஞ்சம் மேலே வரும். மூட்டையில் 46 என்று இருக்கும். வாய்ப்பாடு தராசோடு ஒத்துப்போவதை அவள் தானே கண்டுபிடிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அம்புக்குறி பற்றியும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் அதிகம் குழப்புவது அதுதான். → என்பது இது அதுவாக மாறுகிறது என்கிறது. எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. ⇌ என்பது இரண்டு திசையிலும் மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்கிறது. 1884-இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் பரப்பிய குறி இது. சுண்ணாம்புக் காளவாயில் கல் வெந்து சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் ஆகும்போது வாயு புகையோடு போய்விடுவதால் ஒற்றை அம்பு போதும். அதே கல்லை மூடிய பாத்திரத்தில் சூடாக்கினால் வாயு திரும்பிவந்து சேரும், இரட்டை அம்பு போட வேண்டும். பொருள் ஒன்றே, சூழ்நிலை மாறியதும் குறி மாறுகிறது. மூன்றாவது ↔ என்ற இருதலை அம்பு. ஆறு கார்பன் வளையமான பென்சீனுக்கு இரண்டு படம் வரைந்து நடுவில் இதைப் போடுவார்கள். பென்சீன் இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் மாறி மாறித் தாவுகிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். தாவவே இல்லை. அதன் ஆறு கார்பன் பிணைப்புகளும் ஒரே நீளம், ஒற்றைப் பிணைப்புக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் இடைப்பட்டது. ஒரு படத்தில் அதைக் காட்ட நம் கோடுகளுக்கு வசதி இல்லாததால் இரண்டு படம் வரைகிறோம். அந்த அம்பு குறிப்பது நம் எழுத்துமுறையின் போதாமையை, மூலக்கூறின் அசைவை அல்ல.

மகளுக்கு நான் சொல்வது இதுதான். வாரத்துக்கு ஒரு சமன்பாடு போதும். முதல் வரியில் எழுத்துகளாக எழுதட்டும். அதற்குக் கீழே வட்டங்களாக வரையட்டும், முன்னால் நிற்கும் எண்ணுக்குத் தனித்தனி மூலக்கூறு, கீழே நிற்கும் எண்ணுக்கு ஒட்டிய வட்டம். மூன்றாவதாக, கண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒரு வாக்கியம்: நுரைக்குமா, நிறம் மாறுமா, சுடுமா, எதுவுமே தெரியாதா? நான்காவதாகக் கிராம் கணக்கு, இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட்டி. அம்மோனியாவிலேயே தொடங்கட்டும்: 28 கிராம் நைட்ரஜன், 6 கிராம் ஹைட்ரஜன், 34 கிராம் அம்மோனியா. அவள் வரைந்த படத்தில் இடப்பக்கம் எட்டு வட்டம், வலப்பக்கமும் எட்டு வட்டம் இருக்க வேண்டும், இடப்பக்கம் நான்கு துண்டுகளாக, வலப்பக்கம் இரண்டு துண்டுகளாக. அதை நீங்களே எண்ணிச் சரிபார்த்துவிடலாம்.